மொச்சைக் கொடியின் கடன்

போன புரட்டாசியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மக்காச்சோளம், மொச்சை, பூசணி மூன்றையும் ஒரே பாத்தியில் போட்டேன். அதற்கு முந்தின வருடமும் போட்டிருந்தேன், பாழாய்ப் போனது. மூன்று விதையையும் ஒரே நாளில் ஊன்றியதுதான் நான் செய்த தப்பு. மொச்சை முந்திக்கொண்டு கிளம்பியது. மக்காச்சோளம் முழங்கால் உயரம் வருவதற்குள் கொடி அதைச் சுற்றி இறுக்க, ஐப்பசிக் காற்றில் இரண்டும் சேர்ந்து சாய்ந்தன. குச்சி நட்டு நிமிர்த்தப் பார்த்தேன், பாதி ஒடிந்துவிட்டது. பூசணி மட்டும் யாரையும் சட்டை செய்யாமல் வேலி வரைக்கும் ஓடியது.

பெரியக்கா வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தாங்குறது மொதல்ல வேர் புடிக்கணும் பாப்பா. ஒரு சாணுக்கு மேல வரட்டும், அப்பறம் மொச்சைய ஊனு. பூசணிய அதுக்கும் ஒரு வாரம் கழிச்சுப் போடு."

அடுத்த வருடம் அப்படியே செய்தேன். வரிசையாக நடாமல் கட்டமாக நட்டேன், மக்காச்சோளத்துக்குக் காற்றில்தான் மகரந்தம் சேர வேண்டும், ஒற்றை வரிசையில் நின்றால் கதிரில் மணி பிடிக்காது. மயில்தான் பெரிய தொல்லை. விதைத்த மறுநாளே கிளறிவிடும். வேப்பங்கிளையைப் பரப்பி மூடி வைத்துக் காப்பாற்றினேன். மார்கழியில் பூசணி பூத்து வாசல் கோலத்துக்கும் ஆனது. காய்க்காத ஆண் பூவாகப் பார்த்துப் பறிக்க இந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தையில் மூன்றும் வீட்டுக்கு வந்தன. பொங்கலன்று பூசணியும் மொச்சையும் கொல்லையிலிருந்தே குழம்புக்குப் போயின.

கொடைரோடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு ரயில் நிலையம், கொடைக்கானலுக்கு பஸ் மாறும் இடம். இப்போது நான்குவழிச் சாலையில் ஒரு சுங்கச்சாவடி. எங்களுக்கு அது அம்மையநாயக்கனூர்ப் பேரூராட்சி. ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட், நடுவில் திராட்சைப் பந்தலும் மல்லிகைத் தோட்டமும் வானம் பார்த்த காடும். மானாவாரிக் காட்டில் தனிப்பயிர் போடுவது பிற்பாடு வந்த பழக்கம். என் அப்பத்தா சோளத்தோடு மொச்சையையும் தட்டைப்பயறையும் மடியில் கலந்து கட்டிக்கொண்டுதான் விதைக்கப் போவாள். மழை எதைக் கைவிட்டாலும் ஏதோ ஒன்று தேறும் என்பது அவள் கணக்கு. அதற்கு அவள் பெயர் எதுவும் வைக்கவில்லை.

பெயர் வைத்தவர்கள் வேறு கண்டத்துப் பெண்கள். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் சேர்த்து வளர்ப்பது அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகளின் பழைய முறை. மெக்சிகோவில் அந்த வயலுக்கு மில்பா என்று பெயர். இன்றைய நியூயார்க் மாநிலப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட ஹோடனோஷோனி மக்கள் இந்த மூன்று பயிரையும் மூன்று சகோதரிகள் என்று அழைத்தார்கள். ராபின் வால் கிம்மரர் என்கிற பொட்டவட்டோமி இனத் தாவரவியலாளர் 2013இல் எழுதிய புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு அத்தியாயம் உண்டு. அதைப் படித்துவிட்டுத்தான் நான் கொல்லையில் இறங்கினேன். பீன்ஸ் கொடைக்கானலில் விளையும், எங்கள் வெயிலுக்கு ஆகாது. அந்த இடத்தில் மொச்சையை வைத்தேன்.

நாங்களும் மூன்று சகோதரிகள். ஆகவே இந்தக் கதை எனக்கு உடனே பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. பெரியக்கா 1968இல் பிறந்தவள், சின்னக்கா 1971, நான் 1976. எங்களுக்குப் பிறகு தம்பி. தாங்கி நிற்கும் மக்காச்சோளம் பெரியக்கா, ஏறிப் போன மொச்சை நான், நிலத்தை மூடிக் காத்த பூசணி சின்னக்கா. கடைசி ஆறு வருடம் படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் அவள். இதைச் சின்னக்காவிடம் சொன்னபோது, "ஏன்டி, நான் பூசணியா?" என்று தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் சிரித்தாள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை மறக்காமல் சொல்வார்கள்: மூவரும் கொடுக்கிறார்கள், மூவரும் பெறுகிறார்கள். மக்காச்சோளம் கொடிக்குத் தூணாகிறது. மொச்சை காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தருகிறது. பூசணி இலை விரித்துக் களையை அமுக்கி ஈரத்தைக் காக்கிறது. கொடுக்கல் வாங்கல் அன்றன்றைக்கே தீர்ந்துவிடும் போலத் தோன்றும்.

மண்ணில் நடப்பது அப்படி இல்லை. மொச்சைச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. ரைசோபியம் என்கிற பாக்டீரியா அங்கே உட்கார்ந்துதான் தழைச்சத்தைப் பிடிக்கிறது. பிடித்ததில் பெரும்பங்கை மொச்சையே எடுத்துக்கொள்கிறது, இலைக்கும் கொடிக்கும் முக்கியமாகக் காய்க்கும். பக்கத்தில் நிற்கிற மக்காச்சோளத்துக்கு அந்தப் பட்டத்திலேயே கசிந்து போவது கொஞ்சம்தான். அறுவடை முடிந்து மொச்சையின் வேரும் சருகும் மண்ணில் மக்கும்போதுதான் சத்து கணிசமாக வெளியே வருகிறது. அப்போது அந்த மக்காச்சோளம் அங்கே இல்லை. தட்டையை வெட்டி ஆட்டுக்குப் போட்டாயிற்று. மொச்சை பட்ட கடன் அடுத்த பட்டத்துப் பயிருக்குப் போய்ச் சேர்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. நானும் அதைத்தானே செய்தேன் என்று நினைத்தேன்.

பெரியக்கா எட்டாம் வகுப்போடு 1982இல் நின்றாள். தம்பி பிறந்ததிலிருந்து அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வீட்டு வேலையும் பூ எடுக்கிற வேலையும் அக்கா தலையில் விழுந்தன. மல்லிகையை மொட்டாக எடுத்தால்தான் விலை, விடியும் முன்னே காட்டில் இருக்க வேண்டும். கிலோக் கணக்கில் கூலி. 1987 வைகாசியில் உள்ளூரிலேயே கல்யாணமாகிப் போன பிறகும் அந்தக் கூலியிலிருந்து என் ஹாஸ்டலுக்குப் பணம் வந்தது. நான் பி.எட். சேர்ந்தபோது அவள் காதில் தோடு இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. தெரிந்தே கேட்கவில்லை என்றும் சொல்ல வேண்டும்.

வேலைக்குப் போனபின் அக்கா மகளை நான் படிக்க வைத்தேன். நர்சிங் முடித்து இன்று கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். அத்தோடு கணக்கு நேராகிவிட்டது என்று பல வருடம் நிம்மதியாக இருந்தேன். வகுப்பில் செய்ந்நன்றியறிதல் அதிகாரம் நடத்தும்போது எனக்கு நானே தலையாட்டிக்கொள்வேன். அக்கா மட்டும் ஐம்பத்தேழு வயதில் இன்றும் அடுத்தவர் தோட்டத்தில் பூ எடுக்கிறாள்.

ஈவா ஃபெடர் கிட்டே என்கிற அமெரிக்கத் தத்துவவாதி 1999இல் எழுதிய நூலில் இந்தச் சிக்கலைப் பேசுகிறார். பராமரிப்பவருக்கும் பராமரிப்பு வேண்டும். அதைப் பராமரிக்கப்பட்ட குழந்தையிடமோ நோயாளியிடமோ எதிர்பார்க்க முடியாது, மூன்றாவது கை ஒன்று தர வேண்டும். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வருகிறாளே, அந்த உறவிலிருந்து அவர் தன் கருத்தை எடுக்கிறார். சமூகமும் அரசும் அந்த மூன்றாவது கையாக இருக்க வேண்டும் என்பது வாதம். எனக்கு இது பாதி சரியாகப் படுகிறது. மக்காச்சோளம் மண்ணை உறிஞ்சித் தின்னும் பயிர். என் கொல்லையில் அதற்குச் சோறு போட்டது மொச்சை இல்லை, இரண்டு கூடை ஆட்டெரு போட்ட நான். 2023 செப்டம்பரிலிருந்து அக்காவுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருகிறது. உதவித் தொகை என்று பெயர் வைக்காமல் உரிமை என்று வைத்தது எனக்குப் பிடித்த விஷயம். தொகை போதாது, சொல் சரியானது.

மீதிப் பாதியில் எனக்கு உடன்பாடு இல்லை. குழந்தையால் திருப்பித் தர முடியாது, சரி. நான் குழந்தையாகவே இருந்துவிடவில்லையே. சம்பளம் வாங்கினேன், எட்டு சென்ட் இடம் வாங்கி வீடு கட்டினேன். திருப்பித் தரக் கைவந்த பிறகும் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்து நேர் செய்தேன் என்றால், தாங்கியவளைத் தாண்டிப் போயிருக்கிறேன் என்றுதான் பொருள். மகளுக்குக் கொடுத்தது மகளுக்குக் கொடுத்தது. தாயையும் மகளையும் ஒரே ஆளாகப் பார்த்தால்தான் அது தாயின் கடனாகும். பெண்களை அப்படிப் பார்ப்பது நமக்குப் பழக்கம். "புள்ள நல்லாருந்தா போதும், அதுதான் எனக்கு" என்று அவர்களும் சொல்லப் பழகியிருக்கிறார்கள்.

இதைவிட மோசமான ஒன்றை நான் செய்திருக்கிறேன். அதற்கு நிலத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

தாத்தா வழி வந்த இரண்டரை ஏக்கர், ஒரு கிணறு. அப்பா 2003இல் போனார், அம்மா 2019இல். நிலம் பாகம் பிரிக்காமலே கிடந்தது, தம்பி அனுபவித்து வந்தான். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்பால் பங்கு தந்தது. பெருமைக்குரிய சட்டம், நாட்டுக்கே முன்னோடிகளில் ஒன்று. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆனவர்களை அது வெளியே நிறுத்தியது. எனக்கும் சின்னக்காவுக்கும் பங்கு உண்டு. இரண்டு வருடம் முந்திக் கல்யாணம் ஆன பெரியக்காவுக்கு, அப்பாவின் பாகத்திலிருந்து வரும் ஒரு துணுக்கு தவிர, கிடையாது. எங்களை விட அந்த மண்ணில் அதிகம் குனிந்தவள் அவள். 2005இல் மத்திய அரசின் திருத்தம் வந்து அந்தக் கோட்டை அழித்தது. அந்தச் சமயத்தில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் இருந்தது, தேவையில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, அவ்வளவுதான்.

தீர்ப்பைத் தொலைக்காட்சியில் நாங்களும் பார்த்தோம், தம்பியும் பார்த்தான். ஐந்தாம் மாதம், 2021 ஜனவரியில், விடுதலைப் பத்திரம் தயாராகி வந்தது.

யார் இதற்கு இந்தப் பெயரை வைத்தார்களோ. பெண்ணுக்குச் சொத்திலிருந்து விடுதலை. ஆளுக்கு ஒரு பட்டுச்சேலை, 50,000 ரூபாய். தம்பி கெட்டவன் இல்லை, கேட்கும்போது குரல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. நான் யோசிக்கவே இல்லை. "எனக்கு எதுக்குடா நிலம், வேலை இருக்குல்ல" என்று சொல்லி, பணத்தையும் வேண்டாம் என்றேன். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். படித்த பெண் படித்த பெண்தான் என்றார் ஒரு சித்தப்பா. பத்திர ஆபீஸில் முதல் கையெழுத்து என்னுடையது. பிறகு சின்னக்கா. கடைசியில் பெரியக்கா எழுத்துக் கூட்டிக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். சம்மதந்தானா என்று சார்பதிவாளர் கேட்டார். தலையாட்டினாள். நான்கில் ஒரு பாகம், அறுபது சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே, நான்குவழிச் சாலைக்குப் பக்கத்தில்.

நான்கு வருடம் இதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. போன பொங்கலுக்கு முந்தின நாள் என் வீட்டுப் பின்கட்டில் இருவரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ போய் நிலத்துக்கு வந்தது. அக்கா கையிலிருந்த காயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ மொதல்ல போடாம இருந்திருந்தா நானும் போட்டிருக்க மாட்டேன் பாப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. குழம்புக்குப் புளி கொஞ்சம் கூடிப்போச்சு என்பது மாதிரிச் சொன்னாள்.

அதிலிருந்து எனக்குள் ஓடுகிற கேள்வி இது: அன்று நான் செய்தது கொடையா? எனக்குத் தேவைப்படாத ஒன்றை விட்டுக்கொடுத்தேன். அதற்குப் பெயரும் வாங்கிக்கொண்டேன். ஆனால் என் கையெழுத்து அடுத்தவளுக்கு வழியில்லாமல் செய்தது. தங்கச்சியே பணம்கூட வேண்டாம் என்று போட்ட பிறகு, அக்கா எந்த வாயால் மாட்டேன் என்பாள்? ஒரே தாளில் மூன்று கையெழுத்தும் ஒன்று போலத்தான் தெரிகின்றன. யாருடைய தூண்டுதலும் இல்லாமல் மனப்பூர்வமாக எழுதிக்கொடுத்தது என்று மூவருக்கும் பொதுவாக ஒரே வரி. உண்மையில் கொடுத்தவள் ஒருத்திதான். கொடுக்க முடிந்தவர்களுக்கு நடுவில் கொடுக்க முடியாதவளை நிற்க வைத்தது நான்.

இப்படிச் சொல்வதால் அக்காவை ஏமாளி ஆக்கிவிடக் கூடாது. அவள் ஒரு கணக்குப் போட்டுத்தான் தலையாட்டினாள். கையெழுத்துப் போடாவிட்டால் நிலம் கிடைக்கும், பிறந்த வீடு போய்விடும். பேத்தி காதுகுத்துக்குத் தாய்மாமன் வழிச் சீரோடு யார் வருவார்கள், தனக்கு ஒன்று ஆனால் கோடித்துணி எங்கிருந்து வரும். புருஷன் இல்லாதவளுக்கு இது சின்ன விஷயம் கிடையாது. என் கேள்வி, இந்தக் கணக்கை அவள் மட்டும் ஏன் போட வேண்டியிருந்தது என்பது. நிலமா உறவா என்று தம்பியை யாரும் கேட்கவில்லை. அவனுக்கு இரண்டும் உண்டு.

ஹோடனோஷோனிப் பெண்களிடம் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. அவர்கள் பயிர்களைச் சகோதரிகள் என்று அழைத்தபோது, அந்தச் சகோதரிகள் நின்ற மண் பெண்களின் கையில் இருந்தது. குலம் தாய்வழியில் போனது. காட்டைத் திருத்தித் தருவது ஆண்களின் வேலை, விதைப்பதும் அறுப்பதும் பெண்களின் வேலை, விளைச்சலைப் பங்கிடும் அதிகாரமும் அவர்களுடையது. தலைவர்களை நியமிப்பதும் நீக்குவதும் குலத்தாய்மார்கள். அதே நியூயார்க்கில் வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள 1848 வரை சட்டம் வரவில்லை. மட்டில்டா ஜோஸ்லின் கேஜ் போன்ற பெண் வாக்குரிமைப் போராளிகள் இந்தப் பக்கத்து வீட்டு உதாரணத்தைத்தான் சுட்டிக்காட்டி எழுதினார்கள், கேஜின் நூல் வந்தது 1893இல். அதற்கெல்லாம் வெகு முன்பே, 1779இல், ஜார்ஜ் வாஷிங்டன் அனுப்பிய படை அந்த மக்களின் ஊர்களையும் மக்காச்சோள வயல்களையும் எரித்துவிட்டிருந்தது. இன்று நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது நிலம் கழிந்த கதை. பகிர்ந்து வாழுங்கள் சகோதரிகளே என்கிற அறிவுரையாக அது வருகிறது. நிலம் யார் பெயரில் என்று அது கேட்பதில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலங்களை நடத்துபவர்களில் பெண்கள் சுமார் 14 விழுக்காடு. குனிந்து வேலை செய்பவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்பதை எந்தக் காட்டோரமும் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் காட்டில் களை எடுக்க வந்த பெண்களையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு விடுதலைப் பத்திரத்தில் போடும் கையெழுத்துக்குக்கூட நிலம் இல்லை. 1892இல் பிரிட்டிஷ் அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் எத்தனையோ ஊர்களில் யார் யார் கைக்கோ போய்விட்டன. எங்கள் மூவரின் சண்டை இருப்பவர்கள் வீட்டுச் சண்டை. இதை எழுதும்போது அந்தக் கூச்சமும் கூடவே இருக்கிறது, அது போகவும் வேண்டாம்.

பொங்கல் முடிந்து வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். பதிவான விடுதலைப் பத்திரத்தை ஒருதலையாக ரத்து செய்ய முடியாது, வற்புறுத்தல் நடந்தது என்று அக்கா வழக்குப் போட வேண்டும், அதற்கும் மூன்று வருடக் கெடு, அது முடிந்துவிட்டது என்றார். முடியாமல் இருந்தாலும் அக்கா தம்பி மேல் கேஸ் போட மாட்டாள், அவள் கணக்கு மாறவில்லை. சரி, என் இடத்தில் பாதியை அக்கா பெயருக்கு எழுதி வைக்க என்ன வழி என்று கேட்டேன். தான செட்டில்மெண்ட் போடலாம் என்றார். தானமா என்றேன். பத்திரத்துக்கு அதுதாம்மா பேரு என்றார். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க என்று தனியாக ஒரு பத்திரம் பதிவுத் துறையில் இல்லை.

அக்காவிடம் மாதாமாதம் பணம் தருகிறேன் என்று முன்பு ஒருமுறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இதைச் சொல்லச் சில நாள் ஆனது. மக்காச்சோளத் தட்டையை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள், அவள் ஆட்டுக்கு. மொச்சை வேரைப் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிட்டிருந்தேன், மண்ணிலேயே மக்கட்டும் என்று. அப்போது சொன்னேன், எட்டு சென்ட்டில் நாலு சென்ட், உன் பெயரில், உயில் கியில் எல்லாம் இல்லை, இப்போதே, நீ விற்கலாம், கட்டலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

கட்டை முடிச்சுப் போட்டு முடிக்கும் வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நிமிர்ந்து கொல்லையை ஒரு தரம் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்?" என்றாள். "போர் இருக்கிற பக்கமா, ரோட்டுப் பக்கமா?"